படம் எடுத்து முடிந்த பிறகு வரும் முகம்

போட்டோ எடுத்து முடிந்த பிறகுதான் ஒவ்வொருவருக்கும் அவரவர் முகம் திரும்பி வரும். கல்யாணமாகித் திருவண்ணாமலைக்கு வந்த புதிதில் நான் கண்டுகொண்ட முதல் விஷயம் இது.

என் கணவர் தேரடித் தெருவில் ஒரு மாடியில் ஸ்டூடியோ வைத்திருந்தார். கீழே பாத்திரக்கடை. அதன் பக்கவாட்டில் குறுகலான மரப்படி. ஏறிப் போனால் ஒரு சின்ன முன்னறை, அதைத் தாண்டினால் கூரையின் வடக்குச் சரிவில் கண்ணாடி பதித்த பெரிய அறை. அந்தக் கண்ணாடி வழியாக இறங்கும் வெளிச்சத்தில்தான் படம் எடுப்பது. வெயில் ஏறிவிட்டால் கூரைக்குக் கீழே கம்பியில் கோத்திருக்கும் வெள்ளைத் துணியை மூங்கில் கழியால் தள்ளி மறைக்க வேண்டும். மலைமேல் மேகம் கவிந்த நாட்களில் அறை மங்கிப்போகும், வந்தவர்களை நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிடுவார். மேற்கு ஜன்னலைத் திறந்தால் மலை முழுசாகத் தெரியும். படியேறி மூச்சு வாங்க வருகிறவர்கள் முதலில் அந்த ஜன்னலைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, பிறகுதான் எங்கள் பக்கம் திரும்புவார்கள்.

அதே மாடியின் பின்பகுதியில் நாங்கள் குடியிருந்தோம். நடுவில் ஒரு கதவுதான். அடுப்பங்கரையில் குழம்பு கொதிக்கும் வாசனையும் இருட்டறையிலிருந்து வரும், படம் கழுவும் ஹைப்போ மருந்தின் நெடியும் எப்போதும் ஒன்றாகக் கலந்தே இருக்கும். இன்றைக்கும் எங்காவது அந்த மாதிரி ஒரு நெடி அடித்தால் எனக்குப் பசிக்கிறது.

ஐம்பதுகளின் நடுவில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு குடும்பத்தில் ஒருவர் படம் எடுத்துக்கொள்ள வருவதென்றால் அது ஒரு கோயிலுக்குப் போவது மாதிரி ஏற்பாடு. கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்திலிருந்து, வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்பார்கள், அந்த அறுவடை முடிந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள். படியேறும்போது ஒரே பேச்சும் சிரிப்புமாக இருக்கும். உள்ளே வந்து, ஏரியும் அன்னமும் எழுதிய திரைக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்ததும் பேச்சு நின்றுவிடும். என் கணவர் சாதாரணமாக உரக்கப் பேசாத மனிதர். கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டால் மட்டும் அவருக்கு இன்ஸ்பெக்டர் குரல் வந்துவிடும். அசையாதீர்கள், மோவாயைத் தூக்குங்கள், மூச்சை அடக்குங்கள், இங்கே பாருங்கள் என்று வரிசையாக உத்தரவு வரும். உட்கார்ந்திருப்பவர்கள் அம்மை ஊசிக்குக் கையை நீட்டியவர்கள் போல ஆகிவிடுவார்கள். “ஆச்சு” என்று அவர் சொன்னதும் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு விடுவார்கள். யாராவது ஒரு குழந்தையைக் கிள்ளுவார்கள், யாராவது சிரிப்பார்கள், ஒருத்தி முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொள்வாள். அப்போது பார்க்க வேண்டும் அந்த முகங்களை. நான் கதவோரம் நின்று அதைத்தான் பார்ப்பேன்.

பெண்கள் தனியாகப் படம் எடுத்துக்கொள்ள வந்தால் இன்னும் மோசம். ஆண்பிள்ளை முன்னால் தலையை நிமிர்த்தவே மாட்டார்கள். புடவைக் கொசுவத்தைச் சரிசெய்யவும் பூவை முன்னால் எடுத்துவிடவும் அவர் என்னைக் கூப்பிட ஆரம்பித்தது அப்படித்தான். நான் பக்கத்தில் போனதும் அவர்கள் காதோடு ஏதாவது கேட்பார்கள். பவுடர் திட்டாக இருக்கிறதா என்பார்கள். நான் பதில் சொன்னதும் முகம் இளகும். நான் விலகி வந்ததும் மறுபடியும் இறுகிவிடும். அதைத்தான் அவர் படம் எடுப்பார்.

ஒருநாள் சாப்பாட்டு வேளையில் அவரிடம் இதைச் சொன்னேன். உங்கள் படத்தில் இருப்பவர்கள் யாருமே நம் வீட்டுப் படியேறி வந்தவர்கள் மாதிரி இல்லை என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மோர் ஊற்றிப் பிசைந்துகொண்டே நிதானமாகப் பதில் சொன்னார்.

“இவங்கள்ல பாதிப்பேருக்கு ஆயுசுக்கும் இந்த ஒரு படம்தான். நாளைக்குச் செத்தா இதைத்தான் சுவத்துல மாட்டி மாலை போடுவாங்க. பல்லைக் காட்டிக்கினு இருந்தா மாலை போட மனசு வருமா?”

 தவிர, பேசுகிற வாய் படத்தில் கலங்கிப் போகும், அசைந்தால் படம் விழும் கண்ணாடி பிளேட் குப்பைக்குத்தான் என்றும் சொன்னார். அதுவும் நிஜம்தான். வெயில் நன்றாக இருந்தாலும்கூட அந்தக் கேமராவுக்கு ஒரு கண் சிமிட்டும் நேரம் தேவைப்பட்டது.

ஆனால் அடுத்த ஆடி மாதம் ஒன்று நடந்தது. அன்றைக்குக் காற்று அப்படி அடித்தது. கூரைக்கடியில் இழுத்துவிட்டிருந்த வெள்ளைத் துணி ஊஞ்சல் மாதிரி ஆடியது, கீழே நாற்காலியில் இருந்த பெண்ணின் முகத்தில் வெயிலும் நிழலும் மாறி மாறி விழுந்தன. அவள் ஆரணியிலிருந்து வந்த புதுமணப்பெண். துணியைக் கழியால் அழுத்திப் பிடிக்க இவர் போக வேண்டியதாகிவிட்டது. லென்சிலிருந்து ஒரு நீள ரப்பர் குழாய் தொங்கும், அதன் நுனியில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு ரப்பர் பந்து. அதை அமுக்கினால் படம் விழும். பந்தை என் கையில் கொடுத்து, தான் “ம்” என்று சொன்னதும் அமுக்கச் சொல்லிவிட்டுக் கழியோடு போய் நின்றார்.

குழாய் நீளமாக இருந்ததால் நான் கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் துணியோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். சும்மா இருக்க முடியாமல் நான் அந்தப் பெண்ணிடம், வீட்டுக்காரர் ஏன் வரவில்லை என்று கேட்டேன். கீழே பாத்திரக்கடையில் குத்துவிளக்கு பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றாள். அவருக்குப் பொருள் பார்க்கத் தெரியாது, ஓட்டைக் குடத்தைக்கூட நல்ல குடம் என்று வாங்கி வந்துவிடுவார் என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்து முடித்து வாயை மூடி, ஏதோ நினைத்துக்கொண்டவள் மாதிரி என்னைப் பார்த்தாள். நான் பந்தை அமுக்கிவிட்டேன். அவர் “ம்” சொல்லவே இல்லை.

பிளேட் வீண் என்று அவர் முணுமுணுத்தார். இன்னொரு படம் முறைப்படி எடுத்து அவளை அனுப்பிவைத்தார். சாயந்திரம் இருட்டறையிலிருந்து இரண்டு பிளேட்டையும் கழுவிக்கொண்டு வந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். நன்றாக இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. ஆடவில்லையே என்று மட்டும் சொன்னார். ஆனால் அடுத்த முறை ஒரு பெண் வந்து உட்கார்ந்ததும், கறுப்புத் துணிக்குள் எல்லாம் சரிபார்த்து, பிளேட்டைச் செருகிவிட்டு, ரப்பர் பந்தை என் பக்கம் நீட்டினார்.

அதன் பிறகு பெண்களுடைய படமெல்லாம் எங்கள் இரண்டு பேருடைய வேலையாகிவிட்டது. வெளிச்சமும் கேமராவும் அவர் பொறுப்பு, முகம் என் பொறுப்பு. எடுத்த எடுப்பில் எனக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. சிரியுங்கள் என்று சொன்னால் உதட்டை மட்டும் இழுப்பார்கள். விளையாட்டுக்கு ஏதாவது சொன்னால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். மாட்டை யாரிடம் விட்டு வந்தீர்கள், காலையில் என்ன சமையல், அந்தக் கம்மலை எங்கே செய்தார்கள் என்று கேட்டால் தங்களை மறந்து பேச ஆரம்பிப்பார்கள். ஆனால் பேசும்போது அமுக்கக் கூடாது, சிரிக்கும்போதும் கூடாது. சிரிப்பு மெல்ல இறங்கி, அடுத்த வார்த்தை வருவதற்கு முன்னால் முகம் கொஞ்ச நேரம் காலியாக இருக்கும். அதற்குக் காத்திருக்க வேண்டும். அது எனக்கு விளங்குவதற்குள் பல பிளேட்டுகள் பாழாயின. ஜாஸ்தி வீணாகிறது என்று அவர் புலம்புவார். புலம்பிக்கொண்டே அடுத்த பிளேட்டைச் செருகுவார்.

அந்த நாட்களை இப்போது நினைத்தால் வெளிச்சம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. காலை பத்து மணி வெயில் வெள்ளைத் துணியில் வடிகட்டி இறங்கி, பெண்களின் கன்னத்தில் பால் மாதிரி பரவி நிற்கும். கீழே ஜட்கா வண்டிகளின் சத்தம். எங்கள் மகள் கதவிடுக்கில் உட்கார்ந்து விரலைச் சூப்பிக்கொண்டு வேடிக்கை பார்ப்பாள். அவசரமில்லாத ஒரு காலம் அது. ஒரு முகத்துக்காக ஒரு காலைப்பொழுது முழுவதையும் கொடுக்க முடிந்தது.

அறுபதுகள் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். ஒரு ஆனி மாதம், மலைக்குப் பின்னால் இருக்கும் அடி அண்ணாமலையிலிருந்து ஒரு அம்மாவும் அவர் மகனும் வந்தார்கள். மகனுக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கலாம். அந்தக் குடும்பத்தில் முதலில் படித்தவன். வடக்கே நாகபுரிப் பக்கம் ஒரு ஆபீசில் வேலை கிடைத்திருந்தது, அந்த வாரமே கிளம்ப வேண்டும். கொண்டுபோவதற்கு அம்மாவின் படம் ஒன்று வேண்டும் என்றான்.

அந்த அம்மா ஐம்பதை நெருங்கியவர். வெயிலில் வேலைசெய்து கறுத்த, எலும்பு துருத்திய முகம். பெட்டியிலிருந்து எடுத்த மடிப்புக் கலையாத புடவை கட்டியிருந்தார். நான் கொசுவத்தைச் சரிசெய்யப் போனபோது, இவனுடைய அப்பாவையும் கூப்பிட்டோம், வர மாட்டேன் என்றுவிட்டார் என்றார்.

“‘என் மூஞ்சி வேணும்னா கண்ணாடியில பாத்துக்கச் சொல்லு, அதே மூஞ்சிதான அவனுக்கு’ன்னாரு.”

முதல் படத்தை என் கணவரே எடுத்தார். அந்த அம்மா இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, உதட்டை இறுக்கி, கோர்ட்டில் சாட்சி சொல்ல வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். இவர் மோவாயைத் தூக்கச் சொன்னார், அந்த அம்மா தூக்கினார். ஆச்சு என்றதும் எழுந்திருக்கப் போனார். இன்னும் ஒன்று இருக்கிறது என்று சொல்லி உட்காரவைத்தோம். பந்து என் கைக்கு வந்தது. மகன் எனக்குப் பின்னால், கேமராவை ஒட்டி நின்றான்.

மகன் அங்கே சாப்பாட்டுக்கு என்ன செய்வான் என்று கேட்டேன். அந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தவர் மாதிரி ஆரம்பித்துவிட்டார். மூன்று வேளையும் ரொட்டிதானாம். இங்கே களி கொஞ்சம் கெட்டியாக இருந்தாலே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறவன் அங்கே ரொட்டியைத் தின்று என்ன ஆகப்போகிறானோ என்றார். சின்னப் பிள்ளையாக இருந்தபோது களியை உருட்டி மடியில் ஒளித்து எடுத்துப் போய்க் கன்றுக்குட்டிக்குக் கொடுத்துவிடுவானாம். கன்று நன்றாகக் கொழுத்தது, இவன்தான் கொழுக்கவில்லை என்று சொல்லிச் சிரித்தார். மகனும் சிரித்தான். நானும் சிரித்துக்கொண்டே பந்தைத் தயாராகப் பிடித்திருந்தேன்.

“தீபத்துக்கு வந்துடுவான். அப்ப பாரு, எலும்பும் தோலுமா வந்து நிப்பான்” என்றார்.

எனக்குப் பின்னாலிருந்து மகனுடைய குரல் கேட்டது. மெதுவாகத்தான் சொன்னான்.

“இந்தத் தீபத்துக்கு வர முடியாதும்மா. மொத வருசம் லீவு கெடையாதாம்.”

அந்த அம்மா அவனைப் பார்த்தார். முகம் கோணவில்லை. கண்ணில் தண்ணீர் வரவில்லை. ஒரு கணம் அவனைப் பார்த்தபடியே அசையாமல் இருந்தார். என் கை பந்தை அமுக்கிவிட்டது.

“ஆச்சா?” என்று என்னைக் கேட்டுவிட்டு எழுந்தார். புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டார். லீவு இல்லாவிட்டால் என்ன, கொடுக்கும்போது வா என்று மகனிடம் சாதாரணமாகச் சொன்னார். ஜன்னலண்டை போய் மலையைப் பார்த்துக் கையைக் கூப்பினார். படியிறங்கும்போது எனக்கு எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்து, ஒன்றுதான் என்றதும், காலத்தோடு இன்னொன்று பெற்றுக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு பிளேட்டையும் அன்றைக்கே கழுவினோம். என் கணவர் எப்போதும் நெகட்டிவைச் சாய்வுப் பலகையில் வைத்து, கூர்தீட்டிய பென்சிலால் கன்னச் சுருக்கம், கண்ணுக்கடிக் கறுப்பு எல்லாவற்றையும் மெல்ல மெல்லத் தீட்டி மறைத்துவிடுவார். முதல் படத்தை அப்படிச் செய்து முடித்தார். இரண்டாவதைப் பலகையில் வைத்துக் குனிந்தவர், கொஞ்ச நேரத்தில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். இதைத் தொட வேண்டாம் என்றார்.

அச்சுப் போட்ட பிறகுதான் எனக்கும் முழுசாகத் தெரிந்தது. உதட்டில் அந்தக் கன்றுக்குட்டிச் சிரிப்பு இன்னும் மிச்சமிருந்தது. கண்ணுக்கு மட்டும் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது.

ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால் மகன் படங்களை வாங்க வந்தான். முன்னறையில் நான்தான் இருந்தேன். இரண்டையும் மேசைமேல் வைத்தேன். முதலில் இரண்டாவதைத்தான் எடுத்தான். பார்த்தான். முகம் அப்படியே சுருங்கிப்போயிற்று. படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.  அப்படி நின்றபடியே பேசினான். லீவு கிடையாது என்பது வேலை உத்தரவு வந்த அன்றைக்கே தெரியுமாம். வீட்டில் சொல்ல வாயே வரவில்லையாம். வெளி மனிதர்கள் இருக்கும் இடத்தில் சொன்னால் அம்மா அழ மாட்டார் என்றுதான் இங்கே வந்து சொன்னானாம்.

“அழலைதான். ஆனா இது அழுதிருந்தாக்கூட பரவால்லைன்னு இருக்கு அக்கா. இதை எடுத்துக்கினு போனா நான் அங்க இருக்க மாட்டேன். அடுத்த ரயில்லயே திரும்பி வந்துடுவேன்.”

பிறகு கோர்ட்டுச் சாட்சிப் படத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். பார்க்கப் பார்க்க அவனுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. இது போதும், எழுந்து வேலைக்குப் போடா என்று காலையில் அதட்டுகிற மாதிரி இருக்கிறது, இதை மாட்டி வைத்தால் ஒழுங்காக இருப்பேன் என்றான். அதைத் துணியில் சுற்றிக்கொண்டு போய்விட்டான்.

அன்றைக்குச் சாயந்திரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை. அத்தனை வருஷமும் அந்த மாதிரி விறைத்த படங்களை நான் மனசுக்குள் கேலி செய்துகொண்டுதான் இருந்தேன். அப்படி ஒரு படம் தேவைப்படுகிற மனிதனை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

இரண்டாவது படம் மேசை இழுப்பறையில் கிடந்தது. நான் அதை மறந்துவிட்டேன் என்று சொல்ல முடியாது, எடுத்துப் பார்க்காமல் இருந்தேன். என் கணவர் மறக்கவே இல்லை. ஒவ்வொரு வருஷமும் கார்த்திகைக்கு முன்னால் படிக்கட்டடியில் இருக்கும் கண்ணாடிப் பெட்டியில் புதுப்படங்கள் மாற்றுவார். தீபத்துக்கு எங்கெங்கிருந்தோ ஜனம் வரும், தேரடித் தெருவில் நடக்க இடமிருக்காது, வருகிறவர்களெல்லாம் அந்தப் பெட்டிக்கு முன்னால் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள். அந்த வருஷம் ஐப்பசிக் கடைசியில் ஒருநாள் இருட்டறையிலிருந்து ஒரு பெரிய படத்தை ஈரத்தோடு எடுத்துக்கொண்டு வந்தார். அந்த அம்மாதான். சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு முகம்.

இதை நடுவில் வைக்கப்போகிறேன், இந்தக் கடையில் எடுத்ததிலேயே இதுதான் படம் என்றார். பல்லைக் காட்டினால் மாலை போட முடியாது என்று சொன்ன அதே மனிதர். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அந்த அம்மாவைக் கேட்காமல் வைக்க வேண்டாம் என்றேன். கண்ணாடிப் பெட்டியில் வைப்பதற்கு எந்தக் கடையில் யாரைக் கேட்கிறார்கள் என்றார். அவர் சொன்னதும் உண்மைதான், யாரும் கேட்பதில்லை.  மறுநாள் காலை, மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, இழுப்பறையில் இருந்த சின்னப் படத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, அடி அண்ணாமலைக்குக் கிளம்பினேன்.

மலைசுற்றும் பாதையில் அப்போதெல்லாம் பௌர்ணமி அன்றைக்கும் இப்போது மாதிரி கூட்டம் கிடையாது. மற்ற நாளில் ஆளே இருக்காது. புளிய மரத்து நிழலில் நடந்தே போனேன். கேட்டுக் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தேன். அந்த அம்மா வீட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, பிடுங்கிப் போட்ட செடியிலிருந்து மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தார். என்னை உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. ஏதோ கெட்ட செய்தியோ என்று பயந்துவிட்டார். இல்லை இல்லை என்று சொல்லிப் படத்தை எடுத்துக் கொடுத்தேன்.

கையில் இருந்த மண்ணைப் புடவையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு வாங்கினார். தூரமாகப் பிடித்துப் பார்த்தார். கிட்டக் கொண்டுவந்து பார்த்தார்.

“நான் அன்னிக்கு ஒன்னும் காட்டிக்கலைன்னுல்ல நெனச்சுக்கினு இருந்தேன்” என்றார்.



“அவன் இதைப் பாத்தானா?”

“பாத்தாருங்க.”

“இன்னா சொன்னான்?”

மறைக்கவில்லை. இதைக் கொண்டுபோனால் அடுத்த ரயிலிலேயே திரும்பி வந்துவிடுவேன் என்று அவன் சொன்னதையும், ஜன்னல் பக்கம் திரும்பி நின்றதையும் சொன்னேன். அந்த அம்மா படத்தை மடியில் வைத்துக்கொண்டு மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மல்லாட்டைச் செடியின் பச்சை மண் வாசனை அடித்தது. கோழி ஒன்று குவியலைக் கிளறியது, அதை விரட்டக்கூட இல்லை. பிறகு அவர் முகம் மெல்லத் தெளிந்தது.

“அப்ப தெரிஞ்சிதான் போயிருக்கான்” என்றார். “நான் ஒருத்தி இங்க இருக்கேன்னே அவனுக்குத் தெரியலை போல, சிரிச்சிக்கினே போறானேன்னு நெனச்சி நெனச்சி இத்தினி நாளா மனசு ஆறல. தெரிஞ்சிதான் போயிருக்கான்.”

அதன் பிறகு நிறையப் பேசினார். ரயிலேற்றிவிட்டு வந்த அன்று கணவன் மனைவி இரண்டு பேரும் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லையாம். களி கிண்டும்போது ஒரு உருண்டை கூடப் போட்டுவிடுகிறாராம். எனக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்தார். கண்ணாடிப் பெட்டியைப் பற்றி நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். கடைத்தெருவில் வேண்டாம், போகிறவன் வருகிறவன் எல்லாம் அதை எதற்குப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். சொன்ன விதத்தில் கோபமில்லை. தன் வீட்டுக் கதவைச் சாத்துகிற மாதிரி சொன்னார்.

அவருடைய வீட்டுக்காரர் கிணற்றடியிலிருந்து முழங்கால் வரை ஈரத்தோடு வந்தார். இது என்ன என்று படத்தை வாங்கிப் பார்த்தார்.  பிறகு என்னிடம்தான் சொன்னார்.

“இதுக்கு எதுக்கும்மா படம். தெனமும் இப்படித்தான குந்தினு இருக்கா.”

சொல்லிவிட்டுப் படத்தை மனைவியிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. உள்ளே கொண்டுபோய்ப் பத்திரமான இடத்தில் வைத்துவிட்டு வந்தார். நான் கிளம்பும்போது ஒரு முறம் மல்லாட்டையைப் பையில் கொட்டிக் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து நடந்ததையெல்லாம் சொன்னேன். என் கணவர் கேட்டுக்கொண்டே மல்லாட்டையை உடைத்துத் தின்றார்.  பெரிய படத்தைக் காகிதத்தில் சுற்றிப் பரணில் வைத்தார். அந்த வருஷம் கண்ணாடிப் பெட்டியின் நடுவில் கோபுரத்தின் படம் இருந்தது. அதற்கப்புறம் பெட்டியில் யார் படத்தை வைப்பதென்றாலும் அவர்களைக் கேட்டுவிட்டுத்தான் வைத்தார். பலபேர் பெருமையாகச் சரி என்றார்கள். சிலபேர் வேண்டாம் என்றார்கள், ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.

அடுத்த வருஷத்துத் தீபத்துக்கு மகன் வந்தான். மீசை வைத்து, சதை போட்டிருந்தான், ரொட்டி ஒன்றும் செய்யவில்லை. ஸ்டூடியோவுக்கு வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போனான். அம்மா அந்தப் படத்தை எடுத்துக் காட்டி, பார்த்தாயா, அன்றைக்கு இப்படி உட்காரவைத்துவிட்டுப் போனாய் என்று சொல்லி இரண்டு பேரும் சிரித்தார்களாம். கொண்டுபோகட்டுமா என்று கேட்டானாம். கொடுக்கவில்லையாம்.

அந்தச் செய்தி எப்படியோ ஊரில் பரவி, அடி அண்ணாமலைப் பெண்கள் வேறு எங்கும் போகாமல் எங்களிடமே வர ஆரம்பித்தார்கள். பேசிக்கொண்டே எடுக்கிற அம்மா என்று எனக்குப் பெயர். படியேறும்போதே, என்னிடம் என்ன கேட்கப்போகிறாய் என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். சிலர் சொல்ல வேண்டிய கதையைத் தயார் செய்துகொண்டே வந்துவிடுவார்கள். அது படத்துக்கு உதவாது என்றாலும் கதை நன்றாக இருக்கும். எனக்கும் இரண்டாவது பிள்ளை பிறந்தான். கூரைக்குக் கீழே மின்சார விளக்குகள் வந்தன, மேகம் போட்ட நாளிலும் வேலை நடந்தது. மகளுக்குப் பள்ளிக்கூடப் பை வந்தது. வருஷங்கள் அப்படித்தான் போயின.

ஒரு மார்கழிக் காலையில் முப்பது வயதுப் பெண் ஒருத்தி தனியாக வந்தாள். ஊர் பெயர் சொல்லவில்லை. கைத்தறிப் புடவை, காதில் மட்டும் நகை. கொசுவத்தைச் சரிசெய்ய நான் போனபோது மெதுவாகச் சொன்னாள்.

“நீங்க பேசிக்கினே எடுப்பீங்கன்னு சொன்னாங்க. எங்கிட்ட ஒன்னும் கேக்காதீங்க. சும்மா எடுத்துடுங்க.”

சரி என்றேன். முக்காலியில் போய் உட்கார்ந்தேன். அறையில் சத்தமே இல்லை, கீழே யாரோ பாத்திரம் அடுக்குவது மட்டும் கேட்டது. அவள் முதுகை நிமிர்த்தி, கையை மடியில் கோத்து, லென்சை நேராகப் பார்த்தாள். கண்ணுக்குள் என்ன இருந்ததோ, அதை நன்றாக மூடி வைத்துக்கொண்டுதான் பார்த்தாள். நான் அவளாகத் தலையசைக்கும் வரை காத்திருந்து அமுக்கினேன்.

சில நாள் கழித்து வந்து படத்தை வாங்கினாள். முன்னறை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன் என்றாள். பைக்குள் வைத்துக்கொண்டு, போய்வருகிறேன் என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.